வீட்டு நீச்சல் குளத்தின் தண்ணீரை வீணாக்காமல் பராமரிப்பது எப்படி

சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, நீலாங்கரையிலிருந்து முட்டுக்காடு வரையிலும் அதற்கு அப்பாலும், நீச்சல் குளம் வைத்த வீடுகள் பெருகிவிட்டன. இதே சென்னையில்தான் 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வற்றிப்போய், ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் வீதம் ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. பெங்களூரில் 2024 மார்ச் மாதம் நீச்சல் குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்துவதையே அந்நகரக் குடிநீர் வாரியம் தடை செய்தது. இத்தகைய ஊர்களில் வீட்டில் குளம் வைத்திருப்பவர் அதன் தண்ணீர்க் கணக்கைத் தெரிந்து வைத்திருப்பது கடமை என்றே நான் கருதுகிறேன்.

குளத்தை முதன்முறை நிரப்பும்போது செலவாகும் தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது. லாரிக்குக் கொடுத்த பணமும் நினைவில் நிற்கிறது. அதற்குப் பிறகு ஆவியாகியும், கசிந்தும், ஃபில்டரின் மணலை எதிர்த்திசையில் தண்ணீர் விட்டு அலசும் பேக்வாஷில் வெளியேறியும் நாள்தோறும் போகும் தண்ணீரை எவரும் எண்ணுவதில்லை. ஓராண்டு முடிவில் அது குளத்தின் கொள்ளளவையே மிஞ்சிவிடும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விரயம், தண்ணீர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிக் குளத்தை மொத்தமாகக் காலி செய்வதாகும். நன்றாகப் பராமரித்தால் ஒருமுறை நிரப்பிய தண்ணீரைப் பல ஆண்டுகள் வைத்துக்கொள்ள முடியும். குளிப்பதைக் குறைத்துத் தண்ணீரை மிச்சப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை. தண்ணீரைக் கெடவிடாமல் பார்த்துக்கொள்வதில்தான் சிக்கனத்தின் பெரும்பகுதி இருக்கிறது.

அளவுக்காக ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் 1.4 மீட்டர். அதன் பரப்பு 32 சதுர மீட்டர். கொள்ளளவு ஏறத்தாழ 45,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் நான்கு நடைக்குச் சற்றுக் குறைவு. இந்தக் குளத்தில் நீர்மட்டம் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் 32 லிட்டர் போய்விட்டது என்று பொருள். உங்கள் குளத்தின் பரப்பைச் சதுர மீட்டரில் கணக்கிட்டுக்கொண்டால், ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பதும் அதே எண்தான். இனி வரும் கணக்குகள் எல்லாம் இந்த 8க்கு 4 குளத்தை வைத்தே சொல்லப்படுகின்றன.

முதலில் அளந்து பாருங்கள்

அளவு இல்லாமல் சிக்கனம் இல்லை. குளத்தின் உள் ஓரத்து டைல்ஸில், நீர்மட்டம் வந்து நிற்கும் இடத்தில், மில்லிமீட்டர் குறியிட்ட ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை நீர்புகாத பசையால் செங்குத்தாக ஒட்டி வையுங்கள். குளத்துக்குத் தண்ணீர் வரும் குழாயில் ஒரு சிறிய வாட்டர் மீட்டரைப் பொருத்துங்கள். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில் ஒரே நேரத்தில், இரண்டு அளவுகளையும் ஒரு நோட்டில் எழுதி வந்தால் போதும். ஓரிரு மாதங்களில் உங்கள் குளத்தின் இயல்பான செலவு எவ்வளவு என்பது தெளிவாகிவிடும், அதற்குப் பிறகு இயல்புக்கு மாறான எந்த இழப்பும் அந்த நோட்டிலேயே முதலில் தெரியவரும்.

மிதவை வால்வு வைத்துத் தானாக நிரம்பும்படி அமைத்திருக்கும் வீடுகளில் இது மிகவும் இன்றியமையாதது. அந்த வால்வு வசதியானதுதான்; ஆனால் கசிவை முழுவதுமாக மறைத்துவிடும். குழாய் உடைந்து நாளுக்கு 500 லிட்டர் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தாலும் நீர்மட்டம் மாறாது. மோட்டார் ஏன் அடிக்கடி ஓடுகிறது என்ற கேள்வி மட்டும் எழும். மீட்டர் இல்லாத மிதவை வால்வை மூடிவைத்துவிட்டுக் கையால் நிரப்புவதே மேல் என்பது என் கருத்து.

ஆவியாவதா, கசிவதா

சென்னைப் பகுதியில் திறந்த குளத்தின் மட்டம் சித்திரை, வைகாசி மாதங்களில் ஆவியாவதால் மட்டும் நாளுக்கு 6 மி.மீ. வரையிலும், காற்று பலமாக வீசும் நாட்களில் அதற்கு மேலும் இறங்கும். மார்கழியில் ஏறத்தாழ அதில் பாதி. இதைவிட வேகமாக மட்டம் இறங்கினால் கசிவைச் சந்தேகிக்க வேண்டும். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளச் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது.

ஒரு வாளியைக் குளத்தின் படிக்கட்டில், அதன் விளிம்பு தண்ணீருக்கு மேலே தெரியும்படி வையுங்கள். மிதக்காமலிருக்க உள்ளே ஒரு கல்லைப் போடுங்கள். வாளிக்குள் குளத்துத் தண்ணீரையே ஊற்றி, உள்ளே இருக்கும் மட்டமும் வெளியே இருக்கும் மட்டமும் ஒன்றாக இருக்கும்படி செய்து, இரண்டையும் வாளியின் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். மிதவை வால்வை மூடிவிடுங்கள். 24 மணி நேரம் எவரும் குளத்தில் இறங்கக் கூடாது. மழை பெய்தால் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். வாளிக்குள்ளும் வெளியிலும் ஒரே வெப்பம், ஒரே காற்று என்பதால் ஆவியாகும் அளவு இரண்டிலும் சமமாகவே இருக்கும். குளத்தின் மட்டம் வாளியின் மட்டத்தைவிட 2 அல்லது 3 மி.மீ. கூடுதலாக இறங்கியிருந்தால், அந்த வேறுபாடுதான் கசிவு.

இதையே பம்ப் ஓடும் நிலையில் ஒரு நாளும், பம்ப்பை நிறுத்திவிட்டு ஒரு நாளும் செய்தால் கசிவு எங்கே என்பதற்கும் ஓரளவு விடை கிடைக்கும். பம்ப் ஓடும்போது மட்டும் அதிகமாக இறங்கினால், ஃபில்டரிலிருந்து குளத்துக்குத் திரும்பி வரும் குழாயில், அதாவது அழுத்தம் உள்ள பக்கத்தில், பழுது இருக்க வாய்ப்பு மிகுதி. பம்ப் நின்றிருக்கும்போது அதிகமாக இறங்கி, ஓடும்போது குளத்துக்குள் காற்றுக் குமிழிகள் வந்தால், உறிஞ்சும் பக்கத்துக் குழாயைப் பார்க்க வேண்டும். இரண்டு நாளும் ஒரே அளவு இறங்கினால் தொட்டியின் சுவரிலோ, விளக்குப் பொருத்திய இடத்திலோ, மேல்மட்டக் குப்பையை இழுத்துக்கொள்ளும் ஸ்கிம்மர் சுவரோடு சேரும் இணைப்பிலோ விரிசல் இருக்கலாம். மட்டம் இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிட்டால், ஓட்டை அந்த மட்டத்திலேயே இருக்கிறது என்று கொள்ளலாம்.

சந்தேகமான இடத்தை உறுதி செய்ய, கேசரிக்குப் போடும் வண்ணப் பொடியைச் சிறிது தண்ணீரில் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, பம்ப்பை நிறுத்தித் தண்ணீர் அசைவற்று அடங்கிய பிறகு விரிசலின் அருகே மெல்ல விடுங்கள். விளக்கைச் சுற்றிச் சோதிப்பதானால் முதலில் அதன் மின் இணைப்பை மெயினில் துண்டித்துவிட வேண்டும். கசிவு இல்லாத இடத்தில் நிறம் புகைபோல அங்கேயே மிதந்து நிற்கும். கசிவு இருந்தால் மெல்லிய இழையாக நீண்டு விரிசலுக்குள் இழுத்துக்கொள்ளப்படும். சிறு விரிசல்களையும், உதிர்ந்த கிரவுட்டையும், நீருக்கடியிலேயே இறுகும் எபாக்சியால் குளத்தைக் காலி செய்யாமலே அடைத்துவிடலாம்.

மறைவான கசிவு இன்னொன்று உண்டு. பலர் கவனிக்கத் தவறுவது. ஃபில்டரில், தண்ணீர் போகும் வழியைக் கைப்பிடியால் மாற்றும் மல்டிபோர்ட் வால்வுக்குள் சக்கர ஆரங்கள்போல் அமைந்த ஒரு ரப்பர் கேஸ்கெட் இருக்கிறது. அது தேய்ந்தாலோ இடம் பெயர்ந்தாலோ, கைப்பிடி ஃபில்டர் நிலையில் இருக்கும்போதே ஒரு பகுதித் தண்ணீர் கழிவுக் குழாய் வழியாக வெளியேறிக்கொண்டிருக்கும். கழிவுக் குழாயின் வாய் சாக்கடைக்குள் புதைந்திருந்தால் இது வெளியே தெரியவே தெரியாது. பம்ப் ஓடும்போது அந்தக் குழாயின் வாயில் உலர்ந்த துணியை வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் துணி நனைந்தால் கேஸ்கெட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது. பம்ப் ஓடும்போது கைப்பிடியைத் திருப்புவதுதான் இந்த கேஸ்கெட்டைக் கெடுக்கும் முதன்மைக் காரணம் என்பதால், ஒவ்வொரு முறையும் பம்ப்பை நிறுத்திய பிறகே திருப்ப வேண்டும் என்று குளத்தைப் பராமரிக்க வருபவரிடம் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

ஆவியாவதைக் குறைப்பது

நாளுக்குச் சராசரியாக 5 மி.மீ. என்று வைத்துக்கொண்டாலும், நம் குளத்திலிருந்து நாளுக்கு 160 லிட்டர், ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000 லிட்டர் ஆவியாகிப் போகிறது. கசிவே இல்லாத, மிக ஒழுங்கான குளத்திலும் இழப்பு இதுதான். இதைக் குறைக்கக் குளத்தை மூடுவதைவிடச் சிறந்த வழி இல்லை. தண்ணீரின் மேல் படிந்து கிடக்கும் கவர், போட்டிருக்கும் நேரத்தில் ஆவியாவதைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். கவர் பயன்படுத்தினால் ஈடுசெய்ய ஊற்றும் தண்ணீரில் 30 முதல் 50 விழுக்காடு வரை மிச்சமாகும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை குறிப்பிடுகிறது.

ஆனால் கவரைத் தேர்ந்தெடுப்பதில் நம் ஊர் வெயிலைக் கணக்கில் கொள்ள வேண்டும். கடைகளில் எளிதில் கிடைக்கும் நீலநிறக் குமிழிக் கவர், குளிர்நாடுகளில் சூரிய வெப்பத்தால் தண்ணீரைச் சூடாக்குவதற்கென்று உருவானது. சென்னையின் மே மாதத்தில் அதைப் பகல் முழுவதும் போட்டுவைத்தால் தண்ணீர் வெந்நீராகும். வெப்பம் ஏற ஏறப் பாசியும் விரைவாக வளரும், குளோரினும் கூடுதலாகச் செலவாகும். ஒளி ஊடுருவாத, வெளிர்நிறக் கவரே இங்கே பொருத்தமானது. அது பாசிக்கு வேண்டிய வெளிச்சத்தையும் தடுப்பதால் குளோரின் செலவும் குறையும். குமிழிக் கவர்தான் கைவசம் இருக்கிறது என்றால், மாலையில் குளித்து முடித்ததும் போட்டுக் காலையில் எடுத்துவிடலாம். இரவிலும் ஆவியாதல் நிற்பதில்லை. பகலில் சூடேறிய நீர் இரவுக் காற்றிலும் தொடர்ந்து இழப்பைத் தரும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஒரு எச்சரிக்கை அவசியம். மிதக்கும் கவர் ஒரு பாதுகாப்பு மூடி அல்ல. அதன் மேல் கால் வைக்கும் குழந்தை உள்ளே அமிழ்ந்து, கவர் மேலே மூடிக்கொள்ளும் ஆபத்து உண்டு. எனவே குளத்தைச் சுற்றி வேலியும் பூட்டிய கதவும் தனியாக வேண்டும். குளிக்க இறங்கும்போது கவரைப் பாதி சுருட்டி விடாமல் முழுவதுமாக எடுத்துவிட வேண்டும்.

தண்ணீரின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் பரவும் திரவக் கவரும் விற்பனையில் உள்ளது. காற்று அடங்கிய இடங்களில் ஓரளவு பயன் தரும். பிற்பகலில் கடற்காற்று எழும் இடங்களில் படலம் ஓரத்துக்கு ஒதுக்கப்பட்டுவிடுவதால் பயன் குறைவு. கடற்கரையோர வீடுகளில் காற்றைத் தடுப்பதே நல்ல பலன் தரும். கிழக்குப் பக்கத்தில் துளைகள் உள்ள தடுப்புச் சுவரோ, இலை அதிகம் உதிர்க்காத அடர்ந்த வேலிச் செடிகளோ போதும். சவுக்கு மரத்தைக் குளத்தருகில் நடாதீர்கள். காற்றைத் தடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதன் ஊசி போன்ற உதிரிகள் ஸ்கிம்மரையும் பம்ப்பின் கூடையையும் ஓயாமல் அடைக்கும். அலங்கார நீர்வீழ்ச்சி, நீரூற்று ஆகியவை தண்ணீரைச் சிறு துளிகளாக்கிக் காற்றில் வீசுவதால் ஆவியாதலைக் கூட்டுகின்றன. விருந்தினர் இல்லாத நேரத்தில் அவற்றை ஓடவிட வேண்டியதில்லை.

நீர்மட்டம் ஸ்கிம்மர் வாயின் நடுவில் நின்றால் போதுமானது. அதற்கு மேல் நிரப்பினால் குழந்தைகள் குதிக்கும்போதெல்லாம் தண்ணீர் வெளியே தெறிக்கும்.

பேக்வாஷ்: நாள்காட்டியைப் பார்த்து அல்ல

வாரம் இருமுறை வந்து போகும் பராமரிப்பாளர்களில் பலர், வந்தவுடன் முதல் வேலையாகப் பேக்வாஷ் செய்கிறார்கள். அது வேலை நடந்ததற்கு அடையாளமாகத் தோன்றுகிறது. 500 மி.மீ. விட்டமுள்ள மணல் ஃபில்டரும், மணிக்கு 10,000 லிட்டர் இறைக்கும் பம்ப்பும் உள்ள நம் குளத்தில், ஒரு நிமிட பேக்வாஷுக்கு ஏறத்தாழ 165 லிட்டர் வெளியேறுகிறது. ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம், வாரம் இருமுறை என்றால் மாதத்துக்கு 7,000 லிட்டருக்கு மேல் சாக்கடைக்குப் போகிறது. கோடையில் ஆவியாகும் அளவையே இது தாண்டிவிடுகிறது.

சரியான முறை எளியது. மணலைச் சுத்தம் செய்த உடனே, பம்ப் ஓடும் நிலையில், ஃபில்டரின் பிரஷர் கேஜ் காட்டும் அளவைக் குறித்து வையுங்கள். கேஜின் கண்ணாடியிலேயே மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடலாம். அந்த அளவுக்கு மேல் 8 முதல் 10 பிஎஸ்ஐ வரை ஏறினால்தான் பேக்வாஷ் தேவை. லேசாக அழுக்குப் படிந்த மணல், துளைகள் சற்றுக் குறுகிவிடுவதால், புதிதாக அலசிய மணலைவிட நுண்ணிய தூசைப் பிடிக்கும். அடிக்கடி அலசுவது தண்ணீரையும் வீணாக்கி, வடிகட்டும் திறனையும் குறைக்கிறது.

செய்யும்போது வால்வின் பக்கத்தில் உள்ள கண்ணாடிக் குமிழைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள். முதலில் பழுப்பாகவும் பின்பு பால் கலந்ததுபோலவும் வரும் தண்ணீர், பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் தெளிந்துவிடும். தெளிந்த உடனே நிறுத்திவிட்டு, ரின்ஸ் நிலையில் அரை நிமிடம் மட்டும் ஓட்டி, ஃபில்டர் நிலைக்குத் திரும்புங்கள். இந்த ரின்ஸைத் தவிர்த்துவிட்டால் குழாயில் தங்கிய அழுக்கு மீண்டும் குளத்துக்கே வரும் என்பதால் அதில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். புதிதாக ஃபில்டர் வாங்குபவர்கள் கார்ட்ரிட்ஜ் வகையையும் பரிசீலிக்கலாம். அதற்குப் பேக்வாஷே கிடையாது, கழற்றிக் குழாயடியில் கழுவினால் போதும். ஆனால் தூசியும் எண்ணெயும் அதிகமுள்ள இடத்தில் அடிக்கடி கழற்ற வேண்டியிருக்கும்.

எண்ணெய் என்பது இங்கே சாதாரண விஷயமல்ல. தலையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு குளத்தில் இறங்கினால் அது டைல்ஸ் ஓரத்தில் பிசுபிசுத்த கோடாகப் படிவதோடு, மணலையும் கட்டியாக்கிவிடுகிறது. கட்டியான மணலின் நடுவே தண்ணீர் தனி வழி கண்டு வடிகட்டப்படாமலே வெளியேறும், குளம் மங்கும், பேக்வாஷ் கூடும். இறங்குவதற்கு முன் சோப்பும் சீயக்காயும் போட்டு அரை வாளித் தண்ணீரில் தலையையும் உடலையும் அலசிக்கொள்வது, அதைப்போல் பல மடங்கு தண்ணீரைப் பிற்பாடு மிச்சப்படுத்தும்.

தண்ணீரைக் கெடவிடாமல் வைத்திருப்பது

பெருமளவு தண்ணீரைக் காப்பாற்றும் வேலை இதுவே. குளத்தைக் காலி செய்யச் சொல்பவர்கள் பெரும்பாலும் மூன்று காரணங்களைக் கூறுவார்கள்: பாசி பிடித்துவிட்டது, குளோரின் வேலை செய்யவில்லை, தண்ணீர் உப்பேறிவிட்டது. முதல் காரணத்துக்குக் காலி செய்ய வேண்டியதே இல்லை. மற்ற இரண்டும் வராமல் முன்கூட்டியே தடுக்கக்கூடியவை.

குளோரின் ஏன் வேலை செய்யாமல் போகிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. வீட்டுக் குளங்களில் பெரும்பாலும் போடப்படும் டிசிசிஏ 90 மாத்திரைகளில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் சேர்ந்தே இருக்கிறது. அது குளோரினை வெயிலிலிருந்து காக்கும் பொருள். 30 முதல் 50 பிபிஎம் வரை, அதாவது லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் வரை, இருப்பது நல்லதே. ஆனால் குளோரின் செலவாகித் தீரும்போது சயனூரிக் அமிலம் தீர்வதில்லை, ஆவியாவதும் இல்லை. நம் குளத்தில் தினம் 100 கிராம் மாத்திரை கரைந்தால், தண்ணீர் வெளியேறாத நிலையில், மாதத்துக்கு 35 பிபிஎம் அளவுக்கு அது கூடிக்கொண்டே போகும். மூன்று மாதங்களில் 100ஐத் தாண்டும். அந்த நிலையில் சோதனைப் பெட்டி 2 பிபிஎம் குளோரின் காட்டினாலும் அதில் பெரும்பகுதி சயனூரிக் அமிலத்தால் கட்டுண்டு கிடக்கும், பாசி வரும், இன்னும் மாத்திரை போடுவார்கள், நிலைமை இன்னும் மோசமாகும். இறுதியில் தண்ணீரைக் கொட்டுவதைத் தவிர எளிய வழி இல்லாமல் போகும். தண்ணீரைச் சிக்கனப்படுத்திக் குளத்தை மூடிவைத்துப் பராமரிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் மற்றவர்களைவிட விரைவாகவே வரும், ஏனெனில் பழைய தண்ணீர் வெளியேறும் வழிகளை அவர்கள் அடைத்துவிட்டார்கள்.

ஆகவே சயனூரிக் அமிலம் 40 பிபிஎம் அளவை எட்டியதும் மாத்திரையை நிறுத்திவிட்டுத் திரவ சோடியம் ஹைபோகுளோரைட்டுக்கு மாறிவிடுங்கள். 10 விழுக்காடு வீரியமுள்ள திரவத்தில் ஏறத்தாழ 900 மில்லிலிட்டர் விட்டால் நம் குளத்தில் 2 பிபிஎம் குளோரின் ஏறும். சூரியன் மறைந்த பிறகு, பம்ப் ஓடும்போது, தண்ணீர் திரும்பி வரும் வாயின் அருகே ஊற்ற வேண்டும். வெயிலில் வைத்தால் இதன் வீரியம் விரைவில் குறையும் என்பதால் சிறு கேன்களாக வாங்கி நிழலில் வையுங்கள். இந்தத் திரவத்தால் குளத்தில் உப்பு சற்றே கூடும். அதை மழைநீர் சரிசெய்துவிடும். பிளீச்சிங் பவுடரோ, குருணை வடிவக் கால்சியம் ஹைபோகுளோரைட்டோ ஏற்கெனவே கடினமான போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்பைக் கூட்டும் என்பதால் நம் பகுதிக்கு ஏற்றதல்ல. ஒன்றை மறக்கவே கூடாது: டிசிசிஏ மாத்திரையையும் கால்சியம் ஹைபோகுளோரைட்டையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும், எந்தக் குளோரினோடும் அமிலம் கலந்தால் நச்சு வாயு எழும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அளவுக் குவளை வைத்துக்கொள்ளுங்கள்.

குளோரின் 1 முதல் 3 பிபிஎம், பிஎச் 7.2 முதல் 7.6 என்ற எல்லைக்குள் வைத்திருந்தால் பாசி அநேகமாக வராது. மீறி வந்துவிட்டால் படிகாரம் போட்டு, காலையில் அடியில் படிந்ததைக் கழிவுக் குழாய் வழியாக உறிஞ்சி வெளியேற்றும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. இருபது நிமிடம் அப்படி உறிஞ்சினால் 3,300 லிட்டர் போய்விடும். மாறாக, பிஎச் அளவை 7.2க்குக் கொண்டுவந்து, மாலையில் நாலரை லிட்டர் திரவ ஹைபோகுளோரைட் விட்டுக் குளோரினை 10 பிபிஎம் அளவுக்கு உயர்த்துங்கள். சுவரையும் தரையையும் மூலைகளையும் பிரஷ்ஷால் நன்றாகத் தேயுங்கள். ஃபில்டரை இரவும் பகலும் ஓடவிட்டு, குளோரின் குறையும்போதெல்லாம் மீண்டும் உயர்த்தி வாருங்கள். பச்சை முதலில் சாம்பல் கலந்த வெண்மையாக மாறும்; பிறகு ஓரிரு நாட்களில், மோசமாக இருந்தால் ஒரு வாரத்துக்குள், தெளியும். இடையில் கேஜ் ஏறினால் பேக்வாஷ் செய்யத்தான் வேண்டும். அது நியாயமான செலவு. குளோரின் 3 பிபிஎம் அளவுக்கு இறங்கிய பிறகே குளிக்க வேண்டும்.

குளத்தைக் காலி செய்வதில் தண்ணீர் வீணாவதோடு வேறோர் ஆபத்தும் உண்டு. கடற்கரையோர மணற்பாங்கான நிலத்தில், மழைக்காலத்திலும் அதன் பின்னரும், நிலத்தடி நீர் தரைக்கு மிக அருகில் நிற்கும். உள்ளே தண்ணீரின் எடை இல்லாத குளத்தொட்டியை அந்த நீர் கீழிருந்து தள்ளி உயர்த்தி, தரையைப் பிளந்துவிடக் கூடும். பழுதுபார்க்கக் காலி செய்தே ஆக வேண்டும் என்றால் கோடையின் பிற்பகுதிக்குத் தள்ளிப்போட்டு, பொறியாளரைக் கேட்டுக்கொண்டு, டைல்ஸ், விளக்கு, குழாய் ஆகிய எல்லா வேலைகளையும் அந்த ஒரே தடவையில் முடித்துவிடுங்கள்.

மழையை உள்ளே விடுங்கள்

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. அளவுக்கு மழை பெய்கிறது. நம் குளத்தின் சராசரி ஆழமும் 1.4 மீட்டர்தான். அதாவது ஓராண்டில் குளத்தின் பரப்பின் மேல் நேரடியாக விழும் மழையே ஒரு குளத்தை நிரப்பும் அளவு. ஆனால் அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை, சில நாட்களிலேயே கொட்டித் தீர்ப்பதால், நிரம்பிய குளத்தில் விழுந்து வழிந்தோடிவிடுகிறது. எனவே செப்டம்பர் இறுதியிலிருந்து மேல்நிரப்பு செய்வதை நிறுத்தி, நீர்மட்டத்தை ஸ்கிம்மர் வாயின் கீழ் விளிம்புக்குச் சற்று மேலே வரை இறங்க விடுங்கள். மட்டம் அதற்கும் கீழே போனால் பம்ப் காற்றை உறிஞ்சிப் பழுதாகும் என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

மழைநீரில் சுண்ணாம்பும் உப்பும் மிகக் குறைவு. ஆவியாகும் ஒவ்வொரு லிட்டரும் தன் உப்பைக் குளத்திலேயே விட்டுச்செல்கிறது. அந்த இடத்தைப் போர்வெல் நீரால் நிரப்பினால் உப்பின் மேல் உப்பு சேரும். மழைநீரால் நிரப்பினால் அது நீர்த்துப்போகும். மொட்டை மாடி நீரையும் சேர்க்கலாம்: 100 சதுர மீட்டர் மாடியில் 10 மி.மீ. மழை பெய்தால் 1,000 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். முதல் மழையில் வரும் தூசியும் பறவை எச்சமும் குளத்துக்குள் போகாதபடி தொடக்க நீரை வெளியே திருப்பிவிட்டு, பிறகு வருவதை மணல் வடிகட்டி வழியே விடுங்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் குழாய்கள் ஏற்கெனவே இருக்கும். ஒரு திருப்பு வால்வு மட்டும் சேர்த்தால் போதும். சயனூரிக் அமிலமோ உப்போ மிகுந்துவிட்ட குளத்தில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டியிருந்தாலும், அதை இந்த மாதங்களுக்கென்று ஒதுக்கி வைத்தால் லாரியை அழைக்க வேண்டியிராது.

பெருமழைக்குப் பிறகு தண்ணீரின் காரத்தன்மை குறைந்து பிஎச் நிலையில்லாமல் ஆடும். காரத்தன்மை 80 முதல் 120 பிபிஎம் வரை இருக்க வேண்டும். 10 பிபிஎம் ஏற்றுவதற்கு நம் குளத்துக்கு ஏறத்தாழ 800 கிராம் சமையல் சோடா தேவைப்படும்.

கோடையில் போர்வெல்லை நம்பி நிரப்புபவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். திருவான்மியூரிலிருந்து தெற்கே கடற்கரை மணலுக்கடியில் இருக்கும் நன்னீரை அளவுக்கு மீறி இறைத்தால், அந்த இடத்தைக் கடல்நீர் பிடித்துக்கொள்கிறது. உப்பேறிய கிணறு உங்கள் வீட்டோடு நிற்பதில்லை; பக்கத்தில் குடத்தோடு நிற்பவரின் கிணறும் அதுவே.

வெளியேறும் தண்ணீரும், ஊருக்குப் போகும் நாட்களும்

பேக்வாஷ் தண்ணீரை 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் பிடித்து, மூடாமல் இரண்டு நாட்கள் வெயிலில் விட்டால் அழுக்கு அடியில் படியும், குளோரினும் பெரும்பாலும் போய்விடும். கொசு முட்டையிடாதபடி வலை மட்டும் போட்டு வையுங்கள். தெளிந்த மேல்நீரை முற்றம் கழுவவும், தென்னைக்கும் புல்தரைக்கும் ஊற்றவும் பயன்படுத்தலாம். கீரைக்கும் தொட்டிச் செடிக்கும் வேண்டாம். உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி உள்ள குளத்தின் நீரில் 3,000 பிபிஎம் அளவுக்கு மேல் உப்பு இருக்கும். அதைத் தென்னை ஓரளவு தாங்கும், மற்றவை தாங்காது. எந்தக் குளத்தின் நீரையும் மழைநீர் சேகரிப்புக் கிணற்றுக்குள்ளோ, ஏரிக்குச் செல்லும் மழைநீர் வடிகாலுக்குள்ளோ விடக் கூடாது.

நீண்ட நாட்கள் வெளியூர் போகும்போது சிலர் பம்ப்பை அணைத்துவிட்டுப் போகிறார்கள். திரும்பி வரும்போது பச்சைக் குளமும் கொசுப்புழுவும் காத்திருக்கும், அதைத் தெளிவிக்க ஆகும் தண்ணீரும் குளோரினும் போகும்போது மிச்சமானதைவிடப் பன்மடங்காகும். கிளம்புவதற்கு முந்தைய மாலை குளோரினை 5 பிபிஎம் அளவுக்கு உயர்த்தி, நன்றாகப் பிரஷ் செய்து, ஸ்கிம்மர் கூடையைக் காலி செய்து, ஒளி ஊடுருவாத கவரைப் போட்டு, டைமரில் பம்ப் நாளுக்கு நான்கு மணி நேரம் ஓடும்படி வைத்துவிடுங்கள். மிதக்கும் குளோரின் பாத்திரத்தில் இரண்டொரு மாத்திரை போட்டு வைப்பது இந்தச் சில நாட்களுக்குத் தகும். மிதவை வால்வை மூடிவிட்டு, கிளம்பும் நாளின் ஸ்கேல் அளவை நோட்டில் எழுதி வைத்தால், திரும்பி வந்ததும் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதைப் பார்த்தே வாளிச் சோதனை தேவையா இல்லையா என்று முடிவு செய்துகொள்ளலாம்.